யெடர்மன் என்றால் யார்? மியூனிக்கிலிருந்து ஏழு இடங்களும் ஒரு கேள்வியும்

லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ மச்சான் மச்சாள்மார் கோடை விடுமுறைக்கு வந்தால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இங்கே பார்க்க என்ன இருக்கு?" மியூனிக்கில் வளர்ந்த எங்களுக்கு அதற்குப் பதில் மனப்பாடம். மரியன்பிளாட்ஸ், ஒலிம்பிக் பூங்கா, பிறகு ஒரு நாள் முழுக்க நொய்ஷ்வான்ஸ்ரைன் அரண்மனை. படம் எடுப்போம், ஐஸ்கிறீம் சாப்பிடுவோம், களைத்துப்போய் ரயிலில் நித்திரை கொள்ளுவோம்.

இந்தமுறை அதே மாதிரியான ஒரு பட்டியலைத்தான் தரப்போகிறேன். ஏழு இடங்கள். எல்லாமே மியூனிக்கிலிருந்து காலையில் வெளிக்கிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய தூரத்தில் இருப்பவை. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்கப்போகிறோம்: இங்கே வருவதற்கு யாருக்கு அனுமதி இருந்தது, யாருக்கு இருக்கவில்லை?

விசித்திரமான கேள்வி என்று நினைப்பீர்கள். காட்டுக்கும் ஏரிக்கும் போக யாரிடம் அனுமதி கேட்பது? உங்கள் அப்பா அம்மாவிடம் கேட்டால் வேறு பதில் வரலாம். அந்தப் பதிலுக்குக் கடைசியில் வருகிறேன்.

1. இங்லிஷர் கார்ட்டன்: ஓர் அகதி போட்ட தோட்டம்

பெயரிலேயே இங்கிலாந்து இருக்கிறது. லண்டன் மச்சானுக்கு இதைத்தான் முதலில் காட்டவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரசர்கள் தோட்டம் போட்டால் அளவுகோல் வைத்துக் கீறியதுபோல நேர்க்கோடுகளாக இருக்கும். இங்கிலாந்துக்காரர் அதற்கு மாறாக, வளைந்த பாதை, புல்வெளி, தனித்து நிற்கும் மரம் என்று நாட்டுப்புறத்தையே தோட்டமாக்கினார்கள். மியூனிக் தோட்டம் அந்த முறையைப் பின்பற்றியதால்தான் இந்தப் பெயர்.

அதை அமைக்கும் யோசனையைக் கொடுத்தவர் பெஞ்சமின் தொம்ப்சன். 1753 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸில் பிறந்தவர். அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரித்தானியாவின் பக்கம் நின்றதால் சொந்த ஊரில் இருக்க முடியாமல் ஓடியவர். லண்டன் போய், அங்கிருந்து பவேரியாவுக்கு வந்து, இங்கே படைத்துறைச் சீர்திருத்தம் செய்து, கடைசியில் ரம்ஃபோர்ட் பிரபு என்ற பட்டமும் பெற்றார். எங்கள் பாஷையில் சொன்னால், ஊரைவிட்டு ஓடிவந்த ஒருவர் வந்த இடத்தில் பெரிய ஆளானார்.

1789 ஓகஸ்ட் 13 அன்று பவேரிய ஆட்சியாளர் கார்ல் தியோடர் இந்தத் தோட்டத்துக்கான உத்தரவைப் போட்டார். திகதியைக் கவனியுங்கள். பாரிஸில் மக்கள் பஸ்ரில் சிறையை உடைத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதுவரை அரச குடும்பம் வேட்டையாடுவதற்கென்று ஒதுக்கியிருந்த காட்டின் ஒரு பகுதி இப்போது நகர மக்களுக்கு என்று ஆனது. 1792 இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். இன்று அது ஏறத்தாழ 375 ஹெக்டயர்.

சீனக் கோபுரத்தடியில் நின்று மச்சானுக்கு இன்னொன்றும் சொல்லலாம். அந்த மரக் கோபுரம் 1944 இல் குண்டுவீச்சில் எரிந்து போனது. இப்போது நாங்கள் பார்ப்பது 1952 இல் திரும்பக் கட்டியது.

2. ஸ்ரார்ன்பேர்க் ஏரி: அரசரின் ஏரிக்கு ஒரு ரயில்

எஸ் 6 எடுத்தால் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் ஏரிக்கரை. ரயில் நிலையத்தின் வாசலிலேயே தண்ணீர். இது தற்செயல் அல்ல.

பல நூறு வருடங்களாக இந்த ஏரி விற்றெல்ஸ்பாக் அரச குடும்பத்தின் விளையாட்டு இடம். பதினேழாம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்து அலங்காரக் கப்பல்போல ஒன்று கட்டி ஏரியில் விருந்து வைத்தார்கள். பிறகு யோஹான் உல்ரிஹ் ஹிம்செல் என்ற கட்டடக்காரர் 1851 இல் இந்த ஏரியில் ஒரு நீராவிக் கப்பல் விட்டார். 1854 இல் அவரே மியூனிக்கிலிருந்து ஸ்ரார்ன்பேர்க் வரை ரயில் பாதையும் போட்டார். ரயிலில் வந்து, இறங்கி, கப்பலில் ஏறி, மாலை வீடு திரும்புவது என்ற பழக்கம் அங்கே வேரூன்றியது. டொச்சில் இதற்கு அவுஸ்ஃப்ளூக் என்று பெயர். நேராக மொழிபெயர்த்தால் "வெளியே பறத்தல்".

ஆனால் ரயில் இருந்தால் மட்டும் போதுமா? ரிக்கற்றுக்குக் காசு வேண்டும், ஓய்வு நாளும் வேண்டும். தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வைச் சட்டமாக்கியது 1891 ஆம் ஆண்டுச் சட்டம்தான். ரயில் வந்து 37 வருடங்களுக்குப் பிறகு! அதுவரை அவுஸ்ஃப்ளூக் என்பது பெரும்பாலும் வசதி உள்ளவர்களின் ஞாயிற்றுக்கிழமை.

இந்த ஏரியில்தான் இரண்டாம் லுட்விக் அரசர் 1886 யூன் 13 அன்று பேர்க் என்ற இடத்தில் இறந்தார். தண்ணீருக்குள் ஒரு சிலுவை நிற்கும், கப்பலிலிருந்து பார்க்கலாம். தன் நொய்ஷ்வான்ஸ்ரைன் அரண்மனைக்குள் வெளியாள் யாரும் வரக்கூடாது என்று இருந்தவர் அவர். அவர் இறந்து ஏழு கிழமைக்குள், 1886 ஓகஸ்ட் 1 அன்று, காசு வாங்கிக்கொண்டு அரண்மனையைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஒருவரும் வரக்கூடாது என்று கட்டிய வீட்டுக்கு இன்று வருடத்தில் பத்து லட்சத்துக்கும் மேலானவர்கள் போகிறார்கள். 2025 யூலையில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிலும் அது சேர்ந்துவிட்டது.

3. பிராற்றர் தீவு: மலைக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு கதவு

ஈசார் ஆற்றின் நடுவில், நகரத்துக்குள்ளேயே இருக்கிற சின்னத் தீவு. அங்கே ஜேர்மன் அல்பைன் சங்கத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தச் சங்கம் 1869 இல் மியூனிக்கில்தான் தொடங்கியது. மலைப்பாதைகளுக்கு அடையாளம் போட்டது, மலையில் தங்குமிடங்கள் கட்டியது, வரைபடம் கீறியது எல்லாம் பெரும்பாலும் இந்தச் சங்கமும் ஒஸ்ரியச் சங்கமும்தான். இரண்டும் 1873 இல் ஒன்றாகிவிட்டன. இன்று நீங்கள் பள்ளிக்கூடத்து வண்டர்ராக் நாளில் நடக்கும் பாதையில் சிவப்பு வெள்ளை அடையாளம் கண்டால், அதன் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

அதே சங்கத்தில் இன்னொரு வரலாறும் இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு அதன் பல பிரிவுகள் யூதர்களை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தன. வியன்னாவில் யூதர்களும் அவர்களது நண்பர்களும் 1921 இல் டோனவ்லாண்ட் என்ற பெயரில் தங்களுக்கென ஒரு பிரிவு தொடங்கினார்கள். 1924 டிசம்பரில் அந்தப் பிரிவு முழுவதையும் சங்கம் வெளியேற்றியது. ஹிட்லர் ஆட்சிக்கு வர இன்னும் எட்டு வருடங்கள் இருந்தன. அரசு சொல்லி நடந்ததல்ல இது. மலையை நேசித்த படித்த மனிதர்கள் தாங்களாகவே வாக்குப் போட்டுச் செய்தது.

தொழிலாளர்களுக்கு வேறு சங்கம் இருந்தது. 1895 இல் வியன்னாவில் தொடங்கிய நத்தூர்ஃப்ரொய்ண்ட, அதாவது இயற்கையின் நண்பர்கள். பணக்காரர் வேட்டைக்காக மலையையும் காட்டையும் பூட்டி வைத்திருந்த காலம் அது. ஆகவே அவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும்போது சொல்லும் வணக்கமே "பேர்க் ஃப்ரை", மலை எல்லோருக்கும் என்பதாக இருந்தது. 1933 இல் நாசிகள் அந்தச் சங்கத்தைத் தடைசெய்தார்கள்.

4. டாஹவ்: போகவேண்டிய இடம், பார்க்கும் இடம் அல்ல

எஸ் 2 இல் டாஹவ் நிலையம், அங்கிருந்து பஸ். இதைச் "சுற்றுலா" என்று சொல்ல வாய் வராது. ஆனால் மியூனிக்குக்கு வரும் சொந்தக்காரரை நான் கட்டாயம் கூட்டிக்கொண்டு போகும் இடம் இது.

ஹிட்லர் பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத 1933 மார்ச் 22 அன்று இந்த வதைமுகாம் தொடங்கியது. முதலில் கொண்டுவரப்பட்டவர்கள் அரசியல் எதிரிகள்: கம்யூனிஸ்டுகள், சமூக ஜனநாயகவாதிகள், தொழிற்சங்கக்காரர்கள். பிறகு யூதர்கள், சிந்தி ரோமா மக்கள், மதகுருமார், பல நாட்டுக் கைதிகள். 1945 ஏப்ரல் 29 அன்று அமெரிக்கப் படை வந்து விடுவிக்கும் வரை, இங்கும் இதன் கிளை முகாம்களிலும் 2,00,000 க்கும் அதிகமானவர்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள். குறைந்தது 41,500 பேர் இறந்தார்கள். உயிர் தப்பியவர்களின் விடாத முயற்சியால்தான் 1965 இல் நினைவிடம் அமைந்தது.

இந்த முகாமைப் பற்றி ஒரு சின்ன விஷயம். அது ஒரு நகரத்தின் பக்கத்தில், மக்கள் ஞாயிற்றுக்கிழமை உலாப் போகும் நாட்டுப்புறத்தின் நடுவில் இருந்தது. ஒரு பக்கம் அவுஸ்ஃப்ளூக் போகிறவர்கள், மறுபக்கம் வேலி. இரண்டுக்கும் இடையில் பல நூறு மீற்றர்தான்.

5. எபர்ஸ்பேர்க் காடு: காளான் பொறுக்கும் உரிமை

எஸ்-பானில் கிழக்கே போனால் எபர்ஸ்பேர்க். அதை ஒட்டி மிகப் பெரிய காடு. இலையுதிர் காலத்தில் கூடை கொண்டு போகிறவர்களைக் காண்பீர்கள். காளான் பொறுக்கப் போகிறார்கள். நஞ்சுக் காளானும் இருக்கும், தெரிந்தவர் இல்லாமல் தொடாதீர்கள். ஆனால் போய் நடக்க யாரும் தடுக்கமாட்டார்கள். ஏன் தடுக்கமாட்டார்கள்?

அதற்கு ஒரு மனிதரைத் தெரிந்துகொள்ள வேண்டும். வில்ஹெல்ம் ஹோக்னர், 1887 இல் மியூனிக்கில் பிறந்தவர், சட்டம் படித்தவர், சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். 1933 மார்ச்சில் ஹிட்லருக்கு முழு அதிகாரம் கொடுக்கும் சட்டம் வந்தபோது எதிர்த்து வாக்களித்த நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஒருவர். அந்த வருடமே ஒஸ்ரியாவுக்குத் தப்பினார். 1934 இல் அங்கிருந்தும் போக வேண்டி வந்தது. சுவிற்சர்லாந்தில் பதினொரு வருடங்கள் அகதியாக இருந்தார். எழுதியும் மொழிபெயர்த்தும் குடும்பத்தைக் காப்பாற்றினார். எங்களில் பலருடைய அப்பாமாரின் கதையும் கிட்டத்தட்ட இதுதான், இல்லையா?

1945 இல் திரும்பி வந்து பவேரியாவின் முதலமைச்சரானார். புதிய பவேரிய அரசியலமைப்பை எழுதுவதில் முதன்மையானவர் அவர்தான். 1946 டிசம்பர் 1 அன்று மக்கள் வாக்களித்து அதை ஏற்றுக்கொண்டார்கள். அதன் 141 ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது, என் சொற்களில் தருகிறேன்: இயற்கையின் அழகை அனுபவிப்பதும், காட்டிலும் மலைப் புல்வெளியிலும் நடப்பதும், நீர்நிலைகளில் படகு விடுவதும், காட்டில் தானாக விளைவதை ஊர் வழக்கத்தின் அளவில் எடுத்துக்கொள்வதும் எவருக்கும் அனுமதிக்கப்பட்டது. மலைக்கும் ஏரிக்கும் போகும் வழியைத் திறந்து வைப்பது அரசினதும் ஊராட்சிகளினதும் கடமை. தேவைப்பட்டால் தனியார் சொத்துரிமையைக் கட்டுப்படுத்தியும் அதைச் செய்யவேண்டும்.

"எவருக்கும்" என்ற இடத்தில் டொச்சில் நிற்கும் சொல் யெடர்மன். "பவேரியருக்கு" என்றில்லை. "குடிமக்களுக்கு" என்றில்லை. யெடர்மன், அதாவது யாராக இருந்தாலும். சுவிற்சர்லாந்தின் குடியியல் சட்டத்தில் 1912 முதல் இதே மாதிரியான ஒரு பிரிவு நடைமுறையில் இருந்தது. அதிலும் யெடர்மன்தான். ஹோக்னர் அகதியாக இருந்த நாட்டின் சட்டத்துக்கும் அவர் திரும்பி வந்து எழுதிய சட்டத்துக்கும் உள்ள ஒற்றுமையை வாசித்தாலே காணலாம். பவேரியர்கள் இதைச் செல்லமாகக் "காளான் பிரிவு" என்பார்கள்.

லண்டன் மச்சானுக்கு இது புதினமாக இருக்கும். இங்கிலாந்தில் இந்த உரிமை இப்படி ஒரே வரியில் கிடைக்கவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று மன்செஸ்ரர் பக்கத்து இளைஞர்கள் ஏறத்தாழ 400 பேர், பிரபுக்கள் வேட்டைக்காகப் பூட்டி வைத்திருந்த கிண்டர் ஸ்கவுற் மேட்டு நிலத்தில் வேண்டுமென்றே அத்துமீறி நடந்தார்கள். முன்னால் நின்றவர் பெனி றொத்மன், வயது 20, யூதத் தொழிலாளர் குடும்பத்துப் பையன். அவரோடு சேர்த்து ஐந்து பேருக்குச் சிறைத் தண்டனை. 1951 இல் அந்தப் பகுதிதான் பிரித்தானியாவின் முதலாவது தேசியப் பூங்காவான பீக் டிஸ்ட்ரிக்ட் ஆனது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திறந்த வெளிகளில் நடக்கும் உரிமைக்கான சட்டம் வந்தது 2000 இல்தான். மச்சான் அடுத்தமுறை அங்கே படம் எடுக்கும்போது இதை நினைத்துக்கொள்ளட்டும்.

6. ஹெரன் தீவு: மனிதருக்காக அரசு

ரயிலில் ஒரு மணி நேரம் போனால் பிரீன். அங்கிருந்து கப்பலில் கீம்சே ஏரியைக் கடந்து ஹெரன் தீவு. எல்லோரும் நேரே லுட்விக் அரசர் வெர்சாய் மாளிகையைப் பார்த்துக் கட்டிய அரண்மனைக்கு ஓடுவார்கள். நீங்கள் கப்பல் துறைக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய மடத்துக்கும் போங்கள். 1948 ஓகஸ்ட் 10 முதல் 23 வரை அங்கேதான் மேற்கு ஜேர்மன் மாநிலங்களின் நிபுணர்கள் கூடி, பிறகு ஜேர்மனியின் அடிப்படைச் சட்டமாக மாறப்போகும் முதல் வரைவை எழுதினார்கள். அந்த வரைவின் முதல் வசனத்தின் கருத்து: மனிதருக்காகத்தான் அரசு இருக்கிறது, அரசுக்காக மனிதர் இல்லை.

1949 மே மாதம் அடிப்படைச் சட்டம் வந்தது. அதன் 16 ஆம் பிரிவில், அரசியல் காரணத்தால் துன்புறுத்தப்படுவோருக்குப் புகலிட உரிமை உண்டு என்று எழுதினார்கள். நாசிக் காலத்தில் எத்தனையோ பேர் எல்லைகளில் திருப்பி அனுப்பப்பட்ட நினைவு அப்போது பச்சையாக இருந்தது. எங்கள் குடும்பங்கள் இங்கே வந்தது அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான்.

அதே சட்டத்தின் 11 ஆம் பிரிவு நாடு முழுவதும் நடமாடும் சுதந்திரத்தைப் பற்றியது. அங்கே நிற்கும் சொல் யெடர்மன் அல்ல. "எல்லா ஜேர்மனியர்களும்" என்று எழுதியிருக்கிறது.

7. ஏழாவது இடம்: ஒரு மாவட்டப் பலகை

கடைசி இடத்துக்கு ரிக்கற் வாங்கத் தேவையில்லை. வீதியோரத்தில் ஒரு பலகை. அதில் ஒரு லாண்ட்கிரைஸின், அதாவது ஒரு மாவட்டத்தின் பெயர் இருக்கும். அடுத்தமுறை காரில் போகும்போது கண்ணாடி வழியாகப் பாருங்கள். எந்த மாவட்டப் பலகையாக இருந்தாலும் சரி.

1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஜேர்மனிக்கு வந்த வழி பலருக்குத் தெரியும். 1980 களின் நடுப்பகுதி வரை பெரும்பாலானோர் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து ஃப்ரீட்ரிஹ்ஸ்ட்ராஸ நிலையம் வழியாக எஸ்-பானில் மேற்கு பேர்லினுக்கு வந்தார்கள். மதில் கிழக்கு ஜேர்மனியரைத்தான் தடுத்தது, எங்களை அல்ல. மேற்கில் அசூல் கேட்டவுடன் மாநிலங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். ஒரு பங்கு பவேரியாவுக்கு.

அப்படி வந்தவர்களுக்கு 1982 ஆம் ஆண்டின் புகலிட நடைமுறைச் சட்டம் ஒரு விதியை வைத்திருந்தது. பேச்சு வழக்கில் அதன் பெயர் றெசிடென்ஸ்ப்ளிஹ்ற். உங்கள் மனுவைப் பார்க்கும் வெளிநாட்டவர் அலுவலகத்தின் எல்லைக்குள், பெரும்பாலும் ஒரே ஒரு மாவட்டத்துக்குள், நீங்கள் இருக்கவேண்டும். வெளியே போக எழுத்தில் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் போய்ப் பிடிபட்டால் முதல்முறை தண்டப்பணம். திரும்பவும் பிடிபட்டால் ஒரு வருடம் வரை சிறை.

என் அப்பா 1984 கடைசியில் மேல் பவேரியாவின் ஒரு சின்ன ஊருக்கு அனுப்பப்பட்டார். ஹைம் என்று சொல்லும் அகதிகள் விடுதியில் ஓர் அறையில் நான்கு பேர். வேலை செய்ய அனுமதி இல்லை. காலநிலை தெளிவாக இருந்தால் அறை யன்னலால் ஆல்ப்ஸ் மலை தெரியும். அந்த மலை இருந்தது அடுத்த மாவட்டத்தில். அவருடைய ஒன்றுவிட்ட தம்பி இருந்தது அதற்கும் அடுத்த மாவட்டத்தில். தம்பிக்கு அம்மை வந்து படுத்தபோது அப்பா மனுக் கொடுத்தார். அனுமதிக் கடிதம் வர ஒன்பது நாள் ஆனது. அதற்குள் தம்பிக்கு அம்மை இறங்கி, தலைக்கும் வார்த்துவிட்டார்கள். "ஊரிலே ஆமிக்காரன் மறிப்பான், இங்கே கடுதாசி மறிச்சது" என்று அப்பா சொல்லுவார். அதைக் கோபமாக அல்ல, சிரித்துக்கொண்டுதான் சொல்லுவார். தொண்ணூறுகளில் வந்தவர்களுக்கோ "பாஸ்" என்ற சொல் ஊரிலேயே பழக்கமாகியிருந்தது. யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற ஒரு காலத்தில் இயக்கத்தின் பாஸ், பிறகு இராணுவத்தின் அனுமதி.

அரசின் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். அகதிகளைப் பராமரிக்கும் செலவையும் பொறுப்பையும் எல்லா மாவட்டங்களும் சமமாக ஏற்கவேண்டும், விசாரணைக்குக் கூப்பிட்டால் ஆள் கிடைக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். சட்டப்படியும் முரண்பாடு இல்லை என்பார்கள். உன் மாவட்டத்துக்குள் இருக்கும் காட்டில் நீ தாராளமாக நடக்கலாம், காளானும் பொறுக்கலாம். மேலும் மத்திய சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினால் மத்திய சட்டமே மேல் என்று அடிப்படைச் சட்டத்தின் 31 ஆம் பிரிவு சொல்கிறது. எல்லாம் சரி. ஆனால் விசாரணைக்கு ஆள் வேண்டும் என்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஏரிக்கரையில் இருப்பதையும் குற்றமாக்க வேண்டுமா? காலையில் போய் மாலையில் திரும்பும் ஒருவர் எந்த விசாரணையையும் தவறவிடப்போவதில்லை. அதனால்தான் ஹோக்னரின் சொல்லை நான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். பதினொரு வருடம் அகதியாக இருந்தவர் யெடர்மன் என்று எழுதினார். 36 வருடங்களுக்குப் பிறகு வந்த சட்டம், அகதியை மட்டும் அந்தச் சொல்லின் ஒரு மூலைக்குள் இருத்தியது.

காளான் பொறுக்கலாம் என்றேன். அதிலும் ஒரு துயரமான வேடிக்கை உண்டு. 1986 ஏப்ரல் 26 இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. சில நாட்களில் தென் பவேரியாவில் பெய்த மழை கதிரியக்கத்தையும் கொண்டு வந்து காட்டு மண்ணில் இறக்கியது. காட்டுக் காளானை அளவாகச் சாப்பிடுங்கள் என்று பிறகு பல வருடங்கள் எச்சரித்தார்கள். எங்கள் ஆட்களுக்குத் திறந்திருந்த அந்த ஒரு காட்டிலும் அப்படி ஒரு கோடை.

பலகை எப்போது விழுந்தது?

அது தானாக விழவில்லை. 2012 ஜனவரியில் வூர்ஸ்பூர்க் நகரத்து விடுதியில் ஈரானிய அகதி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அதிலிருந்து தொடங்கிய போராட்டம், செப்ரெம்பர் 8 அன்று வூர்ஸ்பூர்க்கிலிருந்து பேர்லினை நோக்கிய நடைபயணமாக மாறியது. ஏறத்தாழ 600 கிலோமீற்றர். பவேரியாவின் எல்லையைக் கடக்கும்போது வேண்டுமென்றே றெசிடென்ஸ்ப்ளிஹ்றை மீறினார்கள். ஒக்ரோபர் 6 அன்று பேர்லின் போய்ச் சேர்ந்தார்கள். கிண்டர் ஸ்கவுற்றில் இளைஞர்கள் செய்ததும் இதுதான்: நடக்கக்கூடாது என்ற இடத்தில் நடந்தார்கள்.

2015 ஜனவரி முதல் இந்த விதி பொதுவாக முதல் மூன்று மாதங்களுக்கு என்று சுருங்கியது. ஆனால் அந்த வருடக் கடைசியிலும் 2019 இலும் வந்த சட்டங்கள், முதல் வரவேற்பு நிலையங்களில் தங்கவேண்டிய காலத்தை நீட்டின. அங்கே இருக்கும்வரை விதியும் நீடிக்கும் என்றானது. சிலருக்கு அது 18 மாதம் வரை. அப்பாவின் காலத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தால், பக்கத்து ஊர் நிலையத்தில் இருக்கும் ஓர் ஆப்கான் பையனை மறந்துவிடுகிறோம்.

விசா கிடைத்தவர்களுக்கு உலகம் மெல்லத் திறந்தது. 1995 இல் ஜேர்மன் ரயில்வே ஒரு வார இறுதி ரிக்கற் கொண்டுவந்தது. 15 மார்க், ஐந்து பேர்வரை, உள்ளூர் ரயில்களில் நாடு முழுக்க. எங்கள் சனத்துக்கென்றே செய்ததுபோல இருந்தது. ஐந்து ரயில் மாறி, புளிச்சாதமும் றோல்ஸும் கட்டிக்கொண்டு, சாமத்திய வீட்டுக்கும் கலியாணத்துக்கும் போன கதை எந்த வீட்டில் இல்லை? 2002 இல் ஹம் நகரத்தில் காமாட்சி அம்பாள் கோயில் எழும்பிய பிறகு, ஜேர்மன் தமிழரின் மிகப்பெரிய அவுஸ்ஃப்ளூக் அங்கே தேருக்குப் போவதுதான். 2022 கோடையில் மாதம் 9 யூரோ ரிக்கற், 2023 மே முதல் 49 யூரோவில் டொச்லாண்ட் ரிக்கற். விலை பிறகு ஏறிவிட்டது, ஆனால் இந்த ஏழு இடத்துக்கும் தரையில் அதுவே போதும். கப்பலுக்கு வேறாகக் காசு.

இந்தக் கோடைக்கு ஒரு வேலை

பட்டியலில் ஓர் இடத்தைத் தெரிந்தெடுங்கள். அப்பாவையோ அம்மாவையோ, மாமா சித்தியையோ கூட்டிக்கொண்டு போங்கள். கரையில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "இந்த நாட்டிலே யாரிடமும் கேட்காமல் நீங்கள் முதன்முதலாகப் போன இடம் எது?"

பதிலை ஃபோனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். ஊர்ப் பெயர், மாவட்டப் பெயர், வருடம் மூன்றையும் கேட்டு எழுதுங்கள். பழைய அனுமதிக் கடிதம் ஏதாவது வீட்டு ஃபைலுக்குள் கிடந்தால் எறியவிடாதீர்கள், ஒரு படம் எடுத்து வையுங்கள். அல்பைன் சங்கத்துக்கு அருங்காட்சியகம் இருக்கிறது, லுட்விக் அரசருக்கு அரண்மனைகள் இருக்கின்றன. எங்கள் ஆட்களின் முதல் அவுஸ்ஃப்ளூக்குக்கு அந்தக் கடுதாசியும் உங்கள் ஒலிப்பதிவும்தான் இருக்கின்றன.

என் அப்பாவின் பதில் கீம்சே. 1991, ஒக்ரோபர், மழை நாள். கப்பலில் ஏறவில்லையாம், காசு போதவில்லை. கரையில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினாராம்.